தப்பே இல்லாத பேட்ச்

மனோஜ்குமார் எழுதியதில் தப்பு கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு அலாதிப் பிரியம். அதைச் சொல்லிக்கொள்ள வெட்கமே கிடையாது. ஆறேழு வருஷமாக எங்கள் சிநேகிதமே அதில்தான் ஓடியது. அவன் எழுதுவான், நான் குதறுவேன்.

நாங்கள் இருவரும் ஒரு கட்டற்ற மென்பொருள் திட்டத்தில் வேலை செய்தோம். சம்பளம் கிடையாது. கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு மென்பொருள் வேண்டுமென்றால், அதைத் தேடி எடுத்து, அதற்குத் துணையாக வேண்டியதையும் கூட்டிவந்து நிறுவிக் கொடுக்கிற பேக்கேஜ் மேனேஜர் அது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். அதில் கண்டெய்னர் என்ற பகுதி மனோஜின் பொறுப்பிலும் என் பொறுப்பிலும் இருந்தது. நம்ப முடியாத ஒரு மென்பொருளை நம் சொந்தக் கோப்புகள் பக்கமே போகவிடாமல் தனி அறையில் அடைத்து ஓட்டுவதற்குப் பெயர்தான் கண்டெய்னர். உலகம் முழுக்க எத்தனையோ பேர் திட்டத்தில் இருந்தாலும், இந்தப் பகுதியை முழுசாகப் படித்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு ஒரு கும்பிடு போட்டு ஓடிவிட்டார்கள்.

முதல் ஒரு வருஷம் அவன் எந்த ஊர்க்காரன் என்றே எனக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். ஒருமுறை பதில் தாமதமானதற்கு, தசரா விளக்குக் கட்டுகிறோம் என்று தெருவில் கரண்டை நிறுத்திவிட்டார்கள் என்று காரணம் எழுதியிருந்தான். எந்த ஊர் என்று விசாரித்தால் மைசூர், குவெம்புநகர். நான் அதே ஊரில் நஜர்பாத். நம்பர் வாங்கி போன் பண்ணினேன். கன்னடத்தில் ஆரம்பித்தவன், "ஒந்து நிமிஷ மேடம்" என்று சொல்லிவிட்டு, போனை மூடாமலே "அம்மா, அந்த மோட்டாரை நிறுத்தும்மா, தண்ணி வழியுது" என்று கத்தினான்.

"அடப்பாவி, தமிழா நீ? ஒரு வருஷமா உன்னை இங்கிலீஷ்ல திட்டித் திட்டி என் கை வலிக்குது மாராயா" என்றேன்.

மார்டள்ளிக்காரன்; கொள்ளேகால் பக்கத்தில் தமிழ் பேசுகிற கிராமம். மைசூரில் ஒரு கம்பெனியில் வேலை. அன்றிலிருந்து நான் அவனுக்கு அக்கா. திட்டுவது மட்டும் தமிழுக்கு மாறியது.

எங்கள் திட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் தான் எழுதியதைத் தானே உள்ளே சேர்க்கக் கூடாது. எழுதியதை பேட்ச்சாக அனுப்ப வேண்டும். இன்னொருவர் அதை வரிவரியாகப் படித்து, குறைகளைப் பக்கத்திலேயே கமெண்ட்டாக எழுதுவார். இவர் திருத்தி அனுப்ப, அவர் மறுபடி குறை சொல்ல, கடைசியில் அவர் "சரி" போட்டால்தான் உள்ளே போகும். ஒரு கமெண்ட்டும் இல்லாமல் ஒருவர் "சரி" போட்டால், படிக்காமல் போட்டுவிட்டார் என்றுதான் எடுத்துக்கொள்வோம். புதிதாக வருகிறவர்களுக்கான வழிகாட்டியில், "குறை எதுவும் தெரியவில்லையென்றால் மறுபடி படியுங்கள்" என்று எழுதிவைத்ததே மனோஜ்தான்.

அந்த விஷயத்தில் என்மேல் யாரும் விரல் நீட்ட முடியாது. நான் கல்லூரியில் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறவள். என் கையால் முழு மார்க் வாங்கின பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. மனோஜ் இரண்டே வரி மாற்றி அனுப்பினாலும் அதில் ஒரு நொட்டை கண்டுபிடிப்பேன். அவன் கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்குமுன் எனக்கு அனுப்பினான். மூன்று தப்பு. "நல்லவேளைங்க்கா, பொண்ணு பேரைச் சரியாப் போட்டுட்டேன்" என்று சிரித்தான். பெண் கொள்ளேகால். நிர்மலா. சரஸ்வதிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

போன ஜனவரியில் தலைவலி என்று டாக்டரிடம் போனான். மூளையில் கட்டி என்றார்கள். ஆபரேஷன் நடந்தது. நான் பார்க்கப் போனபோது மொட்டைத் தலையில் கட்டோடு உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான். "சாதாரணக் கட்டிதானுங்க்கா. முழுசா வழிச்சு எடுத்துட்டாங்களாம்" என்றான். பக்கத்தில் இருந்த நிர்மலா டிபன் பாக்ஸைக் கழுவ எழுந்து போனாள். நானும் நம்பினேன். நம்பத்தானே ஆசை.

வீட்டுக்கு வந்தபிறகு அவனுக்கு ஒரே நினைப்பு, அந்தக் கண்டெய்னர் வேலை. மூன்று வருஷமாக எழுதிக்கொண்டிருந்தான். ஒரே கட்டளையில் கண்டெய்னரைத் திறந்து, வேலை முடிந்ததும் ஒரு சுவடு மிச்சமில்லாமல் மூடுவது. அடுத்த வெளியீட்டில் அது வந்துவிட வேண்டும் என்று நின்றான். முதல் மூன்று தடவை அனுப்பியதையும் நான் வழக்கம்போல் கிழித்துத் திருப்பி அனுப்பியிருந்தேன்.

"இது மட்டும் உள்ள போயிருச்சுன்னா எனக்கு வேற ஒண்ணும் வேண்டாங்க்கா" என்றான் போனில்.

"என்னடா பேச்சு இது, தொண்ணூறு வயசுக் கிழவன் மாதிரி? ஒழுங்கா எழுது, போகும்" என்றேன்.

நாலாவது தடவை அனுப்பியதைக் கல்லூரியில் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து திறந்தேன். முதல் பக்கத்திலேயே எனக்குச் சுர்ரென்று ஏறியது. கண்டெய்னருக்குள் எது தெரியக் கூடாதோ, அந்தச் சொந்தக் கோப்புகள் எல்லாவற்றையும் திறந்து போட்டிருந்தான். கதவுக்குப் பூட்டு செய்யச் சொன்னால் கதவையே கழற்றி வைத்த மாதிரி. 'தூக்கத்தில் எழுதினாயா' என்று கமெண்ட் அடித்தேன். அனுப்பவில்லை, எல்லாம் சேர்த்து அனுப்பலாம் என்று மேலே படித்தேன்.

கொஞ்சம் தள்ளி ஒரு புது ஃபங்ஷன் எழுதியிருந்தான். கண்டெய்னர் மூடும்போது தற்காலிகக் கோப்புகளைத் துடைத்துச் சுத்தம் செய்கிற ஒரு சின்ன நிரல். எழுத ரொம்பப் பாடுபட்டிருப்பது தெரிந்தது. ஒரு இடத்தில் போன வழியிலேயே திரும்பி வந்து, மறுபடி போய், ஒருவழியாக முடித்திருந்தான்.

அந்த வேலையைச் செய்கிற ஃபங்ஷன் ஏற்கெனவே இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் எழுதியவன் இதே மனோஜ்தான். எட்டே வரி, அவ்வளவு அழகு. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரு வாரம் அடித்துக்கொண்டோம். அந்த எட்டு வரியைப் பற்றித் தன் அம்மாவிடம்கூடச் சொல்ல, அந்தம்மா "நல்லதாச்சு, சோறு உண்ணு" என்றார்களாம். அப்பேர்ப்பட்டதை அவன் எழுதினதே அவனுக்கு ஞாபகம் இல்லை.

சிலர் முகத்தைப் பார்த்து உடம்பு சரியில்லை என்பார்கள். நான் மனோஜின் முகத்தைப் பார்த்ததைவிட அவன் எழுத்தைப் பார்த்தது அதிகம். அடித்த கமெண்ட்டை அழித்துவிட்டு நிர்மலாவுக்கு போன் பண்ணினேன். "மனோஜுக்கு ஏதாவது புது மாத்திரை குடுக்கறாங்களா?" என்று கேட்டேன். "சாயங்காலம் ஸ்கூலாண்ட வாங்கக்கா" என்றாள்.

பள்ளிக்கூடம் விட்டு, பிள்ளைகள் கலைந்தபிறகு, பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"உங்களுக்கு எப்படிங்க்கா தெரிஞ்சுது? அவரு உங்ககிட்ட நல்லாத்தானே பேசறாரு?"

"பேச்சுல தெரியல நிர்மலா. அவன் எழுதினதுல தெரிஞ்சுது."

அவள் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே சொன்னாள். "திரும்ப வளந்துருச்சுங்க்கா. அது மொதல்லயே நல்ல கட்டி இல்லியாம். டாக்டரு எங்கிட்ட மட்டும் சொன்னாரு. தீபாவளியைத் தாண்டாதுன்னாரு."

"அவனுக்கு?"

"சொல்லலைங்க்கா. சொன்னா அன்னிக்கே படுத்துருவாரு. தெனம் எந்திரிச்சதும் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாரு, ஜூடித்தக்கா 'சரி' போட்டுட்டாங்களான்னு." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "போட்டுருங்களேன்க்கா. உங்களுக்கு என்ன கொறஞ்சு போகுது?"

அவளிடம் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் மாதாவிடம் சண்டை போட்டேன். முப்பத்தெட்டு வயசு. கல்யாணமாகி நாலு வருஷம்கூட ஆகவில்லை. ஊரில் எத்தனையோ பேர் மண்டையை உபயோகிக்காமலே வைத்திருக்கிறார்களே, அவர்களையெல்லாம் விட்டுவிட்டு இவன் மண்டைதான் கிடைத்ததா என்று கேட்டேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

தப்போடு உள்ளே விட முடியாது. முன்பின் தெரியாத எவரெவரோ நம்பி அதை ஓட்டுவார்கள். ஆகவே நானே திருத்தினேன். திறந்து கிடந்ததை மூடினேன். புது ஃபங்ஷனை எடுத்துவிட்டு அந்தப் பழைய எட்டு வரியை அதன் இடத்தில் வைத்தேன். இன்னும் ஏழெட்டு இடம். எல்லாவற்றையும் அவன் பெயரிலேயே வைத்து, வெள்ளிக்கிழமை, ஒரு கமெண்ட்டும் எழுதாமல் "சரி" என்று போட்டேன். மூன்று வருஷ வேலை உள்ளே போயிற்று. எங்கோ தூர தேசத்தில் இருக்கிற இரண்டு பேர் வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் ஏதோ நல்லது செய்துவிட்ட திருப்தியும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நேராகக் குவெம்புநகர் போனேன். சந்தோஷத்தில் குதிப்பான் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவன் கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து, மடியில் லேப்டாப்போடு இருந்தான். இடது கை போர்வைமேல் சும்மா கிடந்தது.

"வாங்கக்கா" என்றான். பிறகு, "நிம்மி, அக்காவுக்குக் காப்பி" என்று அவளை அனுப்பினான்.

"என்னடா, பார்ட்டி கீர்ட்டி ஒண்ணும் இல்லையா? உள்ள போயிடுச்சு பாரு" என்றேன்.

"பாத்தனுங்க்கா." லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான். "ஒரு கமெண்ட்டும் இல்லீங்களே."

"தப்பு இல்லை, அதான் இல்லை."

"எங் கல்யாணப் பத்திரிகையில மூணு கண்டுபிடிச்சவங்க நீங்க."

"அது நீ கல்யாண மயக்கத்துல எழுதினது."

அவன் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தான். பார்வை ஒரு நிலையில் நிற்காமல் நழுவி நழுவித் திரும்பி வந்தது.

"டாக்டரு எனக்கு எத்தனை நாளு சொல்லியிருக்காருங்க்கா?"

என்ன உளறுகிறாய் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கோபப்பட்டிருக்க வேண்டும், அது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதை விட்டுவிட்டு, "யாரு உனக்குச் சொன்னா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"நீங்கதானுங்க்கா" என்றான்.

காபியோடு நிர்மலா வாசலில் நின்றாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "சொல்லிட்டீங்களாக்கா?" என்றாள். அதில் இருந்த வெறுப்பு எனக்கு வேண்டியதுதான்.

"அக்கா ஒண்ணுமே சொல்லல நிம்மி" என்றான் மனோஜ். "ஒரு வார்த்தைகூடச் சொல்லல. அதுலதான் எனக்குத் தெரிஞ்சுது. இங்க வா."

அவள் தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு அவன் காலடியில் உட்கார்ந்தாள். இத்தனை மாதமாக குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதவள், அவன் முன்னால் அன்றைக்குத்தான் அழுதாள். அவன் நல்ல கையால் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தான். நான் எழுந்து போகலாம் என்று பையை எடுத்தேன்.

"உக்காருங்க்கா. நெசமா என்னென்ன இருந்துச்சு? சொல்லுங்க."

"வேண்டாம் மனோஜ்."

"நீங்க ஒளிச்சா எனக்குப் பயமாயிருக்குங்க்கா."

அதற்குமேல் என்ன செய்ய. லேப்டாப்பை வாங்கி, அவன் அனுப்பியதைத் திறந்து, முதலிலிருந்து சொன்னேன். சொந்தக் கோப்புகளைத் திறந்து விட்டிருந்ததைச் சொன்னபோது, "அடக் கருமமே" என்று நெற்றியில் அடித்துக்கொண்டான். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தான். அந்த ஃபங்ஷனும் வந்தது.

"இதை நீ ஏற்கெனவே எழுதியிருக்க. ரெண்டு வருஷம் முன்னாடி."

"நானா?"

பழையதைத் திறந்து காட்டினேன். திரைக்கு நெருக்கமாக முகத்தை வைத்து, எட்டு வரியையும் உதடு அசைய மெதுவாகப் படித்தான். யாரோ எழுதியதைப் படிக்கிற மாதிரிதான் படித்தான்.

"எது நல்லாருக்குதுங்க்கா?"

"பழசு" என்றேன். அவன் எழுத்தைப் பற்றி அவனிடமே இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"ஆமாங்க்கா. பழசுதான் நல்லாருக்குது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். "அப்ப உள்ள போனது?"

"நானே திருத்தி உன் பேர்ல போட்டுட்டேன்."

"அது தப்புங்க்கா. உங்க பேரையும் போடுங்க."

"உன் மூணு வருஷ வேலைடா அது. உன் பேரு மட்டும் இருக்கட்டும்."

"எம் பேரு மட்டும் இருந்தா, நாளைக்கு யாராச்சும் இதுல ஒரு சந்தேகம்னு எழுதிக் கேட்டா, யாருங்க்கா பதில் சொல்லுவாங்க?"

நிர்மலா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் உள்ளே போனதைத் திரும்ப வெளியே எடுத்தேன். அவன் முன்னாலேயே ஒவ்வொரு குறையையும் கமெண்ட்டாக அடித்தேன், ஒன்றைக்கூட விடவில்லை. பிறகு அவன் பெயருக்குக் கீழே என் பெயரைச் சேர்த்து மறுபடி உள்ளே அனுப்பினேன். அவன் பார்த்துத் தலையசைத்தான். நிர்மலா ஆறிப்போன காபியைச் சூடு பண்ண எடுத்துக்கொண்டு போனாள்.