ஒரு மணி மாத்திரை

அந்தத் திங்கட்கிழமை காலை ஜூலியட் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோதே வாசனையோடுதான் வந்தாள். மஸ்கட்டிலிருந்து கணவன் அனுப்பிய பெட்டி முந்தின நாள்தான் கீழ்வேளூருக்கு வந்து சேர்ந்திருந்தது. பெட்டி வந்தால் தெரிந்தவர்களுக்கு ஆளுக்கொரு சோப்பாவது கொடுக்காவிட்டால் ஊர் சும்மா விடுமா? விண்ணரசி டீச்சருக்கும் ஒன்று கிடைத்தது. ஜூலியட்டின் மகள் சான்ட்ராவுக்குத் தினமும் ஒரு மணிக்கு வலிப்பு மாத்திரை கொடுப்பவள் அவள்தான்.

"மாத்திரையும் அவரே வாங்கி அனுப்பிட்டாரு டீச்சர். அதே மருந்துதான், ஃபாரின். காலைல வீட்டுல ஒண்ணு குடுத்துட்டேன்."

சொல்லிக்கொண்டே, பீரோவில் காலியாக இருந்த பழைய புட்டியில் புது மாத்திரைகளைக் கொட்டினாள் ஜூலியட். புட்டியின் லேபிளில் முப்பது மில்லிகிராம் என்றிருந்தது. டாக்டர் சீட்டைப் பார்க்காமல் எதையும் தொடாதவள் விண்ணரசி. மாத்திரை வந்த டப்பாவைக் காட்டுங்கள் என்று அன்றைக்கும் கேட்டிருக்க வேண்டும். கையில் சோப்பை வைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது? புட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். ஜூலியட் நேர்த்திக்கடன் செலுத்த வேளாங்கண்ணி பஸ் ஏறிவிட்டாள்.

ஒரு மணிக்கு, விண்ணரசி அந்தச் சோப்பைப் பிரித்துக் கைகழுவிவிட்டுத்தான் மாத்திரையைக் கொடுத்தாள். சுத்தத்துக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

இரண்டரைக்குச் சான்ட்ரா டெஸ்க்கில் தலை சாய்த்துக் கிடந்தாள். சாப்பிட்ட அசதி என்று நினைத்து எழுப்பினால், பிள்ளை துவண்டு மடியில் விழுந்தாள். விண்ணரசி ஓடிப்போய்ப் புட்டியைக் கவிழ்த்தாள். ஒவ்வொரு மாத்திரையிலும் நூறு என்று பொறித்திருந்தது. ஒரு மணிக்கும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. இவள்தான் பார்க்கவில்லை.

ஆட்டோவில் ஹெட்மிஸ்ட்ரஸ் அகிலாண்டம் அவள் காதோடு சொன்னாள். "மாத்திரைப் பேச்சையே எடுக்காத. வலிப்பு வந்து மயங்கிட்டான்னு சொல்லிக்கலாம். இல்லன்னா உன் வேலையும் போயிடும், ஸ்கூல் பேரும் போயிடும்."

புட்டியிலிருந்து எடுத்த ஒரு மாத்திரை விண்ணரசியின் கைக்குள்ளேயே வியர்வையில் கரைந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். "வலிப்பு வந்துச்சா?"

"ஆமாங்க, கைகால் வெட்டி இழுத்துச்சு" என்றாள் அகிலாண்டம், கூசாமல்.

"மறுபடி வராம ஒரு ஊசி போட்டுடலாம்."

நர்ஸ் ஊசிக்குழாயில் மருந்தை ஏற்றினாள். வேலை, சம்பளம், ஊர்ப் பேச்சு எல்லாம் விண்ணரசியின் நினைவில் ஓடின. பஞ்சு பிள்ளையின் கையில் பட்டது.

"போடாதீங்க!" அவள் கத்தியதில் வார்டே திரும்பியது. கையை விரித்து நீட்டினாள். "வலிப்பே வரலீங்க சார். முப்பது குடுக்க வேண்டிய பிள்ளைக்கு நூறு குடுத்துட்டேன். காலைல வீட்டுலயும் நூறு. பாக்காம குடுத்தது நான்தான்."

டாக்டர் ஊசியைத் தட்டிவிட்டார். "அத்தனை மாத்திரைக்கு மேல இதையும் போட்டிருந்தா மூச்சு நின்னிருக்கும்மா! படிச்சவங்கதானே நீங்க?" இன்னும் என்னென்னவோ திட்டினார். அத்தனையும் அவளுக்கு வேண்டியிருந்தது. அகிலாண்டம் வெளியே போய்விட்டாள்.

ஆக்சிஜன் வைத்தார்கள், சலைன் ஏற்றினார்கள். பிள்ளையின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி விண்ணரசி கட்டிலோரம் நின்றாள். வெயில் தாழ்ந்த நேரத்தில் சான்ட்ரா அரைக்கண் திறந்தாள். நெற்றியில் இருந்த டீச்சரின் கையைப் பிடித்து மூக்கருகே இழுத்துக்கொண்டாள்.

"எங்கப்பா பெட்டி வாசம்" என்று சிரித்தாள்.

விண்ணரசிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். பிள்ளை விடவில்லை.