உறைபெட்டியில் கொஞ்சம் புருஷன்

கத்திக்காரி என்றதும் பயந்துவிட வேண்டாம். உறைந்த தசையைத் தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவும் இயந்திரத்தில் அவளுக்கு வேலை. அதனால் ஆய்வுக்கூடத்தில் அந்தப் பெயர். வெங்காயத்தை ஒழுங்காக நறுக்கத் தெரியாத கத்திக்காரி என்பது வீட்டில் அவள் கணவர் வைத்திருந்த நிரந்தரப் புகார்.

கணவர் போய்விட்டார். முழுதாகப் போகவில்லை, அதுதான் தொல்லை. அவருடைய தொடைத் தசையில் அரிசியளவு இரண்டு துண்டுகள் ஆய்வுக்கூடத்து உறைபெட்டியில் இருந்தன.

உடற்பயிற்சி தசையில் எத்தனை செல்களைக் கொல்கிறது, எத்தனையைக் காப்பாற்றுகிறது என்பதுதான் ஆய்வு. பழக்கமில்லாத உடம்பு திடீரென்று மூச்சிரைக்க ஓடினால் சில செல்கள் செத்துப்போகும். பல வாரம் ஓடிப் பழகியபின் அந்தச் சாவு குறைகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஓடியே அறியாத ஆட்கள் தேவைப்பட்டார்கள். "நம்ம வீட்லயே ஒண்ணு இருக்கே" என்று அவள்தான் முந்திக்கொண்டு சொன்னாள். சோபாவை விட்டு எழாத மனுஷனை நச்சரித்து, தொப்பையைக் கிண்டலடித்து, இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தாள். ஓடுவதற்கு முன் ஒரு துண்டு, முதல் ஓட்டத்துக்குப் பின் ஒரு துண்டு கொடுத்தார். பல வாரம் பழகியபின் தரவேண்டிய மூன்றாவதைக் கொடுக்க அவர் இல்லை. காலையில் ஓடப் போனவர் தெருமுனையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை.

மாமியார் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். "அவன் பாட்டுக்குக் கெடந்தான். நீதாம்மா ஓட விட்ட."

திட்டியிருந்தால் தேவலை. 'அம்மா' என்றல்லவா சொன்னார். அதன்பின் அவள் எந்த அறைக்குப் போனாலும் அந்தக் குரல் முன்னாடியே போய் உட்கார்ந்திருந்தது. அவர் முதல் ஓட்டம் ஓடிய டிரெட்மில் அறையைத் தாண்டும்போதெல்லாம் அவருடைய காலடி கேட்டது; கனமாக, வலது காலைக் கொஞ்சம் இழுத்து. எட்டிப் பார்த்தால் வேறு யாராவது ஓடிக்கொண்டிருப்பார்கள். சில நாள் யாருமே இருக்கமாட்டார்கள்.

அன்று ஆய்வின் தலைவி கூப்பிட்டனுப்பினார். "மூணாவது துண்டு தராதவங்கள ஆய்வுல சேக்க முடியாது. அவங்க துண்டையெல்லாம் எரிக்க அனுப்பணும். உன்னால முடியலன்னா நான் பாத்துக்கறேம்மா."

"நானே எடுத்துத் தரேன் மேடம். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ பாத்துக்கட்டுமா?"

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "தொடையில தேடினா நெஞ்சுல நடந்தது தெரியாதும்மா."

"தெரியும் மேடம்."

தெரியும்தான். தெரிந்து என்ன செய்ய, மனசு கேட்கவில்லையே. நான்தான் கொன்றேனா என்று கேட்பதற்கு அவருடைய உடம்பில் அவளுக்கு மிஞ்சியிருந்தது அவ்வளவுதான்.

சீவினாள். வழக்கம்போலவே மெல்லிசாக வந்தது, அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. சாயமேற்றி, பிற்பகலில் இருட்டறைக்குள் போய் நுண்ணோக்கியில் வைத்தாள். அந்தச் சாயத்தில், சாகிற செல் பச்சையாக ஒளிரும். உயிருள்ளது இருட்டாகவே இருக்கும்.

ஓடுவதற்கு முன் எடுத்த துண்டு கும்மிருட்டு. ஓடியபின் எடுத்ததில் அங்கங்கே பச்சைப் புள்ளிகள். முதல் நாள் ஓடிய யாருக்கும் அப்படித்தான் இருக்கும்; எத்தனையோ பேருடையதைப் பார்த்தவள் அவள். ஆனாலும் அவள் பேச்சைக் கேட்டு ஓடிய கால் அது.

இந்தச் சாயத்துக்கு ஒரு குணம் உண்டு. வெளிச்சம் படப்பட வெளுத்துவிடும். அதனால் பார்த்தோமா, படம் எடுத்தோமா, ஒளியை மூடினோமா என்று இருக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் அவள் ஒருநாளும் மூட மறந்ததில்லை. அன்று மறந்தாள். ஒரு புள்ளி மங்கி அணைந்தது. பிறகு இன்னொன்று. சாயம்தான் வெளுக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? ஆனால் கண் பார்த்தது வேறு. செத்தவை ஒவ்வொன்றாக இருட்டுக்குள், உயிருள்ளவற்றோடு, திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. மூடப் போன கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வாங்க," என்றாள் மெதுவாக. "இன்னும் ரெண்டுதான்."

நேரமாகியும் ஆளைக் காணோமே என்று தலைவி வந்து, அவள் தோளைத் தொட்டு நகர்த்திவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"என்னம்மா, ஒண்ணையுமே காணோம்?"

"ஆமா மேடம். ஒண்ணுகூட சாகல." கத்திக்காரியின் குரலில் அப்படியொரு நிம்மதி. "அத்தைக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிடறேன்."

நுண்ணோக்கியின் ஒளி மூடாமலே கிடந்ததைத் தலைவி அப்போதுதான் கவனித்தார். அறை விளக்கைப் போட அவருக்குக் கை வரவில்லை.