நியூட்டுக்காகச் சாவு உடுப்பு

எங்கள் சங்கத்துக் காலண்டரின் அட்டைப்படத்துக்கு இந்த வருஷம் நானே படம் எடுக்கப்போகிறேன் என்றதும் என் கணவர் விக்பெர்ட்டின் முட்கரண்டியிலிருந்த தொத்திறைச்சி தட்டில் விழுந்தது.

"நீயா? அப்ப நான்?"

"நீ ஃப்ளாஷ் பிடி. இத்தனை நாள் நான் பிடிக்கல?"

கல்யாணமான நாளிலிருந்து கேமரா அவருடையது, ஃப்ளாஷ் என்னுடையது. ஜெர்மனியின் ஏர்ஃபுர்ட் நகரத்தில் எங்கள் நியூட் வளர்ப்போர் சங்கத்தில் அவருக்குப் படக்காரர் என்று பெயர். எனக்கு அவர் மனைவி என்று பெயர். ஒரே ஒரு படத்தின் கீழே என் பெயர் அச்சாக வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

நியூட் பார்க்கத்தான் பல்லி மாதிரி, உறவெல்லாம் தவளையோடு. வசந்தம் வந்தால் ஆணுக்கு மாப்பிள்ளைக் கோலம்: விலாவில் நீலம், வயிற்றில் ஆரஞ்சு. பெண்ணின் முன்னால் நின்று வாலை மடித்து விசிறும். தண்ணீர் சூடேறிவிட்டால் கோலமும் போச்சு, ஆட்டமும் போச்சு. எனக்கு அந்த ஆட்டம்தான் வேண்டும்.

சின்னக் கண்ணாடித் தொட்டியில் முதல் நாளே பிடித்துவைத்த தண்ணீரை ஊற்றினேன். புதுத் தண்ணீர் என்றால் கண்ணாடியெல்லாம் குமிழி ஒட்டும். ஒரு நியூட் ஜோடியை விட்டு, அது பின்னால் போய்விடாதபடி நடுவில் ஒரு கண்ணாடித் தகட்டைச் செருகினேன். ஃப்ளாஷை மேலிருந்து சாய்த்துத்தான் அடிக்க வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தும், முதல் படத்தில் நியூட்டின் முதுகில், கண்ணாடியில் பிரதிபலித்த விக்பெர்ட்டின் வெள்ளைச் சட்டை, பொத்தான் முதற்கொண்டு தெரிந்தது. கம்ப்யூட்டரில் எதையும் அழிக்கக் கூடாது என்பது சங்க விதி.

"போய் கறுப்பு போட்டுட்டு வா."

"என்கிட்ட ஏது? சாவுக்குப் போடற கோட்டுதான் இருக்கு."

"அதையே போடு!"

நானும் என் சாவு உடுப்பை மாட்டிக்கொண்டு ஜன்னல் திரைகளை இழுத்து மூடினேன். பட்டப்பகலில் திரை, கறுப்புக் கோட்டு! பக்கத்து வீட்டு எல்ஃப்ரீடே சும்மா இருப்பாளா? மதியத்துக்குள் சாவு வீட்டுக்கென்றே சுடுகிற கேக்கோடு, அவளும் கறுப்பில், கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஐயோ ஹைத்ரூன், விக்பெர்ட் போய்ட்டாரா?"

"இங்கதான் இருக்கேன்," என்றார் விக்பெர்ட் இருட்டுக்குள்ளிருந்து.

அவள் போட்ட அலறலில் ஆண் நியூட் பாசிக்குள் ஓடிப்போனது. அது திரும்பி வருவதற்குள் விக்பெர்ட் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

"லென்ஸ கண்ணாடியோட ஒட்டு. இன்னும் ஒட்டு. இப்ப அமுக்கு! ஏன் அமுக்கல?"

"வாய மூடு! நான் ஃப்ளாஷ் பிடிச்சப்ப ஒரு வார்த்தை பேசியிருப்பேனா?"

எல்ஃப்ரீடே ஒரு பெரிய கேக் துண்டை அவர் வாயில் திணித்தாள். வீடு அமைதியானது. நியூட் வெளியே வந்தது, பெண்ணின் முன்னால் நின்றது, வாலை மடித்து விசிறியது. அமுக்கினேன்.

சங்கக் கூட்டத்தில் என் படம் திரையில் விழுந்ததும் எல்லோரும் முஷ்டியால் மேசையைத் தட்டிப் பாராட்டினார்கள்.

"அட்டைக்கு இதுதான்! விக்பெர்ட், பின்னிட்டய்யா!" என்றார் தலைவர் ஃபோல்க்மார்.

விக்பெர்ட் எழுந்தார்.

"படம் ஹைத்ரூன் எடுத்தது. கீழ அவ பேரப் போடுங்க. நான் ஃப்ளாஷ்தான் பிடிச்சேன்."

என் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. ஃபோல்க்மார் படத்தை மறுபடி உற்றுப் பார்த்தார்.

"அதானே பாத்தேன்! படத்துக்கு உயிரே அந்த வெளிச்சம்தான்யா!" என்று விக்பெர்ட்டின் முதுகில் ஓங்கித் தட்டினார்.

இத்தனை வருஷம் நான் பிடித்த வெளிச்சம் அந்த அறையில் ஒருவர் கண்ணிலும் பட்டதில்லை.