நின்ற விரல்

மழை ஓய்ந்த பிற்பகல். கூரைகளினின்று வழிந்த நீர் தெருவோர வாய்க்காலிற் சலசலக்க, துடைத்த பலகைபோல் வானம் வெளுத்துக் கிடக்க, பள்ளி விட்டுத் திரும்பிய சிறாரின் கூச்சல் வீடுதோறும் புகுந்து அடங்கியபின், மேற்குத் தெருவின் மாடிவீடொன்றிலிருந்து மெல்லிய பாட்டு எழுந்தது. கடைக்குச் சென்று வழக்கத்தினும் முன்னதாகத் திரும்பிய அவ்வீட்டுக் கணக்காசிரியர் அதைக் கேட்டுப் படியிலேயே நின்றுவிட்டார்.

கற்றறிந்த அன்பரே, அவர் நின்றதற்குக் காரணம் உண்டு. எண்ணுக்கு அடுத்தபடி அவர் உயிரை வைத்தது இசைமேல். வாய்ப்பாட்டையே தாளத்தோடு கற்பித்து, "இது பள்ளியா, பாட்டுக் கொட்டகையா?" என்று தலைமையாசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். அவருக்குப் பாடத் தெரிந்தவளே மனைவியாக வாய்க்க, பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றனர் உற்றார். ஆயினும் அவள் பாடுங்கால் அவர் விரல் தொடையில் தாளமிடும். அவள் அரைக்கால் அளவு பிந்தினும் அவ்விரல் அப்படியே நின்றுவிடும். வாய்திறந்து அவர் குறை கூறியதேயில்லை. விரல் நிற்பதைக் கண்டு அவள் அஞ்சினாள். அஞ்சியதால் மீண்டும் தவறினாள். மகள் பிறந்த ஆண்டோடு பாட்டை விட்டாள். விட்டாள் என்றே அவர் இந்நாள்வரை நம்பியிருந்தார். தாம் இல்லாப் பொழுதெல்லாம் அவள் பாடிவந்தாள் என்பது இப்போதுதான் விளங்கியது. விளங்கியதும் நெஞ்சு குன்றிப்போனார்.

கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு, ஓசைபடாமல் அறைவாயிலில் போய் நின்றார். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள், பாட்டு அறுந்தது.

"நிறுத்தாதே, பாடு. பாரு, கையைக் கட்டிக்கிட்டுத்தான் நிக்கிறேன்."

"கையைக் கட்டிட்டீங்க. கண்ணு எண்ணுதுங்களே."

அவர் பார்வையைத் தாழ்த்தினார். "உன் பாட்டை நான்தான் கெடுத்தேன். தப்பு என்னோடதுதான்."

"அது எனக்கு அப்பவே தெரியும். உங்களுக்கு இப்பத்தான் விடை வந்திருக்கு." கையிலிருந்த சட்டையை மடித்து அடுக்கினாள். "கதவைச் சாத்திட்டு வெளியில உக்காருங்க. பாடத் தோணுச்சுன்னா பாடுறேன்."

சாத்திவிட்டுப் படியில் அமர்ந்தார். பின்னர் அப்பாட்டு முதலிலிருந்து தொடங்கியது. இரண்டாம் அடியிலேயே தாளம் பிந்தியது. தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பரன்றோ? தம்மையறியாது தொடையில் தாளமிட்டு, நிற்கப்போன விரலை மற்றக் கையால் இறுகப் பற்றிக்கொண்டார். தாம் அடைத்த வாயைத் திறக்கச் சொல்லும் உரிமை தமக்கில்லை என்பதையும், மூடிய கதவின் இப்பால் இருந்து கேட்பதே தமக்கு எஞ்சியது என்பதையும், அதுவும் தம் தகுதிக்கு மிகுதியே என்பதையும் உணர்ந்து, பாட்டு முடியும்வரை தலைகுனிந்து அமர்ந்திருந்தார்.