அவன் ஏன் கை தூக்கினான்

இமானுவேல் இலங்கைச் சிறையிலிருந்து விடுதலையாகி வீடு வந்து சேர்ந்ததற்கு ஊரில் எல்லாரிடமும் ஒரே காரணம்தான் இருந்தது. அந்தோணியார் கைவிடவில்லை. மீனவர் சங்கத்துக்காரர்கள் மண்டபம் ஊருக்கே போய் மாலை போட்டு, பாம்பன் பாலம் நெடுக வேட்டுப் போட்டபடி அழைத்து வந்தார்கள். கொழும்பிலிருந்து சென்னைக்கு ஏரோப்ளேனில் வந்தவன் என்பதால் அவனுக்குக் கொஞ்சம் கூடுதல் மரியாதை. "மேலேருந்து பாத்தா நம்ம தீவு தெரியுதாலே?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "தெரிஞ்சுச்சு" என்று சொல்லி வைத்தான். உண்மையில் அவன் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

அந்தக் கடற்கரையில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரிந்த ஒரு சங்கதி உண்டு. எல்லை தாண்டிப் பிடிபட்டால் கூலிக்குப் போனவர்களை எச்சரித்து அனுப்பிவிடுவார்கள். படகை ஓட்டிய டிரைவருக்குத்தான் ஜெயில். இமானுவேல் பல வருஷமாக டிரைவர். அப்படியிருக்க அவன் மாலையும் கழுத்துமாக வந்து நிற்கிறானே, எப்படி என்று ஒரு மனிதர் கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. கெட்ட சேதி என்றால் துருவித் துருவிக் கேட்கிற ஊர், நல்ல சேதி வந்தால் வாயைத் துடைத்துக்கொண்டு போய்விடுகிறது.

நடந்தது இதுதான். விடிந்தும் விடியாத நேரத்தில் அந்தப் பக்கத்துக் கடற்படை அவர்கள் படகை மறித்தது. எல்லாரையும் மேல்தளத்தில் உட்கார வைத்து, சீருடைக்காரர் ஒருவர் நல்ல தமிழில் கேட்டார்: "இதில் டிரைவர் யார்?" இமானுவேல் கையைத் தூக்க வேண்டியவன். தூக்கத்தான் நினைத்தான். கை மடியிலேயே கிடந்தது. மகளுக்கு வந்திருக்கும் வரன், மனைவி ஜோதிகாவின் முகம், எல்லாம் ஒரு நொடியில் வந்து கையின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன. கேட்டவர் இரண்டாம் தடவையும் கேட்டார். அப்போது பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது.

மாரிச்செல்வத்தின் கை அது. அபிராமம் பக்கத்து விவசாயி. மழை ஏமாற்றிவிட்ட வருஷத்தில் யாரோ தரகர் பேச்சைக் கேட்டுக் கடலுக்கு வந்தவன். வந்த நாளிலிருந்து வாந்தி. சுக்கானை அவன் தொட்டதுகூட இல்லை. "ஏலே, கடலுக்கு வந்தியா, கடலுக்குத் தீனி போட வந்தியா?" என்று இமானுவேல் அவனைக் கேலி செய்யாத நாளில்லை. ஒருமுறை வலை இழுக்கும்போது கால் சறுக்கி விழுந்தவனைத் தூக்கிவிடாமல் ஏசியும் இருக்கிறான். கூடப் போன மற்ற இருவரும் இதற்கெல்லாம் சாட்சி. அப்படிப்பட்டவன் கையைத் தூக்கி, "நாந்தாய்யா" என்றான்.

சிறையில் ஒரே அறையில் கிடந்த நாட்களில் இமானுவேல் அவனிடம் கேட்டான். "ஏன்டா அப்படிச் சொன்ன?"

மாரிச்செல்வம் கொஞ்சம் யோசித்தான். "அவுக கேட்டாகல்ல அண்ணே. யாராச்சும் சொல்லணும்ல."

அவ்வளவுதான் பதில். அதற்குமேல் தோண்டினால் சிரித்தான். நம்மளக் கொண்டு வந்த நேவிக் கப்பல்ல வாந்தி வரல அண்ணே, பெரிய கப்பல்னா வராதோ என்று பேச்சை மாற்றினான். தீர்ப்பு நாளில் இமானுவேலும் மற்ற இருவரும் வெளியே வந்தார்கள். மாரிச்செல்வம் உள்ளே போனான். போகும்போது திரும்பிப் பார்த்திருந்தாலாவது இமானுவேலுக்கு ஏதோ ஒரு கணக்குக் கிடைத்திருக்கும். அவன் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஜோதிகாவிடம் மட்டும் சொன்னான். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். "இதுக்குப் பேருதாங்க புதுமை. ஒங்க நாக்கக் கட்டி, அந்த ஆளு கையத் தூக்க வச்சது அந்தோணியாரு. ஊருக்கே சோறு போடுறதா நான் அசனம் நேந்திருக்கேன். இதப் போய் வெளிய ஒளறிட்டு இருக்காதீக." அவள் சொன்னதில் தப்பு இருப்பதாக இமானுவேலால் காட்ட முடியவில்லை. ஆனால் அந்தோணியார் ஏன் மாரிச்செல்வத்தைப் பிடித்து உள்ளே தள்ளினார் என்பதும் விளங்கவில்லை. அவனுக்கென்று அபிராமத்தில் ஒரு சாமி இருக்காதா? அந்தச் சாமி என்ன செய்துகொண்டிருந்தது?

பேசாமல் உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன என்று படகு முதலாளி வைத்திருந்த வக்கீலுக்குப் போன் போட்டுக் கேட்டான். அவர் பதறிவிட்டார். "கோர்ட்டுல சொன்னது சொன்னதுதான். இப்ப மாத்துனா பொய் சொன்ன குத்தம் அவன் தலையில ஏறும். நீயும் உள்ள, அவனும் உள்ள. சும்மா இரு." இப்படி அந்தக் கதவும் சாத்தியாயிற்று. நல்லது செய்யப் போனாலும் கெடுதல், செய்யாவிட்டாலும் கெடுதல். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் திரிந்தான் மனுஷன். சாப்பாட்டில் கை வைத்தால் சோறு இறங்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனான். பங்குச்சாமி வசந்தகுமார் வயதில் இவனைவிட இளையவர், பிரசங்கத்தில் கெட்டிக்காரர். முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார்.

"சாமி, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க."

"இயேசு எனக்காகச் செத்தாருன்னு நெனவு தெரிஞ்ச நாள்லேருந்து சொல்லிட்டு வாரேன். வெள்ளிக்கிழம தவறாம சிலுவப்பாத போறேன். ஒவ்வொரு எடத்துலயும் முட்டி போடுறேன். அது முடிஞ்சா வீட்டுக்குப் போயி நல்லாச் சாப்பிட்டுத் தூங்குவேன். ஒருநாக்கூட எனக்குச் சோறு எறங்காமப் போனதில்ல சாமி. இந்தப் பய எனக்காகச் சாகக்கூட இல்ல, உள்ள இருக்கான், அம்புட்டுத்தான். அதுக்கே எனக்கு எறங்க மாட்டேங்குது. அப்ப நான் இம்புட்டு நாளும் சொன்னது என்ன? நம்பித்தான் சொன்னேனா, இல்ல வாய்ப் பழக்கமா?"

 பாவம், அந்த ஞாயிற்றுக்கிழமைக்குச் சாமியார் தயாரித்து வைத்திருந்த பிரசங்கமே இதுதான்: நமக்குப் பதிலாக ஒருவர். அழகான பிரசங்கம். நடுவில் ஒரு கதைகூட இருந்தது. இப்போது அதில் எந்த வரியை எடுத்து இவனிடம் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

கடைசியில், "மூணு அருள் நிறைந்த மரியே செபம் சொல்லுங்க" என்றார்.

"அம்புட்டுத்தானா சாமி?"

"பத்தாதுன்னு எனக்கும் தெரியுது, இமானுவேல். வேற என்ன சொல்லணும்னுதான் தெரியல."

மூன்று தடவை சொன்னான், மூன்று முப்பதாயிற்று. எழுந்தபோது முட்டி வலித்ததே தவிர நெஞ்சில் இருந்தது இருந்தபடியே இருந்தது. ஒரு வகையில் சாமியார் மேல் அவனுக்குக் கோபம். விளக்குப் பிடிக்கிறவருக்கே வழி தெரியவில்லை என்றால் பின்னால் போகிறவன் என்ன செய்வான்? இன்னொரு வகையில், பொய் சொல்லாமல் விட்டாரே என்று நன்றியாகவும் இருந்தது. இந்த இரண்டும் ஒரே மனசுக்குள் எப்படி இருக்கின்றன என்பது அடுத்த குழப்பம்.

செவ்வாய்க்கிழமை அசனம். தவக்காலம் என்பதால் ஆட்டுக்கறி கிடையாது, சாம்பாரும் கூட்டும் பாயாசமும்தான். அதில் ஊருக்குக் கொஞ்சம் வருத்தம். உயிரோட வந்தவனுக்கு ஒரு மாசம் பொறுக்கக் கூடாதா, ஈஸ்டர் கழிச்சுப் போட்டா கறி கிடைக்குமே என்று நாலு பேர் வெளிப்படையாகவே பேசினார்கள். ஆனாலும் கோயில் முற்றத்துப் பந்தலில் இடம் பிடிப்பதில் குறைவில்லை. சோறு கண்ட இடம் சொர்க்கம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

அசனத்துக்கு ஒரு முறை உண்டு. முதல் பந்தியில் ஊர்க்காரர்கள் உட்கார மாட்டார்கள். வெளியூர்க்காரர்களும் இல்லாதவர்களும்தான் உட்காருவார்கள். நேர்ச்சை யாருக்காகவோ அவன்தான் செருப்பில்லாமல், தலையில் துண்டு கட்டி, தன் கையால் அவர்களுக்குச் சோறு போட வேண்டும். ஜோதிகா இந்த முறையை நினைத்துத்தான் அபிராமத்துக்குச் சொல்லி அனுப்பினாள். கணவனுக்குச் சோறு இறங்காததை அவள் பார்க்காமல் இல்லை. மாரிச்செல்வத்தின் மனைவி ராக்குவை முதல் பந்தியில் உட்கார வைத்து, இவன் கையால் ஒரு வாய்ச் சோறு போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. நல்ல மனசோடுதான் செய்தாள். வருத்தமே அதுதான். கெட்ட மனசோடு செய்திருந்தால் திட்டிவிட்டாவது போகலாம்.

இமானுவேலுக்கு அன்று காலையில்தான் விஷயம் தெரிந்தது. பஸ் ஏறி வந்துவிட்டவளை என்ன செய்வது? அவள் பந்தியின் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். நல்ல கருப்பு, நெற்றியில் திருநீறு, வெயிலில் காய்ந்த கைகள். சாமியார் ஜெபம் சொல்லி உணவை மந்திரித்தார். இமானுவேல் சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு இலையாக வந்தான். கடைசி இலையிலும் சோற்றை அள்ளிப் போட்டான்.

"நீங்கதான அண்ணே, அவுக கூடப் போன இமானுவேலு?"

"ஆமா தங்கச்சி."

"ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன். எங்க ஊர்ல எல்லாரும் சிரிக்காக. டிராக்டர்ல ஏறி ஒக்காந்தாலே தல சுத்துதும்பாரு எங்க வீட்டுக்காரரு. அவரு போயி அம்புட்டுப் பெரிய படக ஓட்டுனாருன்னு சொல்றாக. எங்க மாமனாரு, எம்மகன் டிரைவராயிட்டான்னு டீக்கடையில போயிச் சொல்லிட்டு இருக்காரு. நீங்க கூட இருந்தவுக. நெசமாவே அவுகதான் ஓட்டுனாகளா?"

ஆமாம் என்று ஒரு சொல். அது போதும். வக்கீலுக்கும் சம்மதம், மாரிச்செல்வத்துக்கும் நல்லது, டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் கிழவனுக்கும் சந்தோஷம். சாம்பார் வாளியோடு அடுத்த வரிசையில் நின்ற ஜோதிகா வேண்டாம் வேண்டாம் என்று தலையசைத்ததும் அவன் கண்ணில் பட்டது. சொல்வது சரியா, சொல்லாமலிருப்பது சரியா என்று அப்போதும் அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்து சொன்னான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கேட்டவள் முகத்தைப் பார்த்தான், வாய் திறந்துகொண்டது.

"இல்ல தங்கச்சி. நாந்தான் ஓட்டுனேன். டிரைவர் யாருன்னு கேட்டாக. எனக்குக் கை தூக்க வரல. அவன் தூக்கிட்டான்."

பக்கத்து இலைகளில் பிசைந்துகொண்டிருந்த கைகள் நின்றன. ராக்கு அவனையே பார்த்தாள்.

"ஒங்களுக்கும் அவருக்கும் சொந்தமா?"

"இல்ல."

"ஏதாச்சும் நல்லது செஞ்சிருக்கீகளா அவருக்கு?"

"இல்லம்மா. ஏசித்தான் இருக்கேன்."

"பெறகு ஏன்?"

"அதத்தான் நானும் கேட்டேன். அவுக கேட்டாக, யாராச்சும் சொல்லணும்லன்னு சொன்னான். வேற ஒண்ணும் சொல்லல. எனக்கு இன்ன வரைக்கும் வெளங்கல."

ராக்குவின் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவளுக்கு வந்தது கோபம். அதுவும் இவன்மேல் இல்லை.

"அந்தக் கையத் தூக்குறப்ப, இங்கன நான் ஒருத்தி கெடக்கேன்னு அந்த மனுசனுக்குத் தோணலையாண்ணே?"

இமானுவேல் பங்குச்சாமியைத் திரும்பிப் பார்த்தான். அவர் பந்தல் காலைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் இன்னொருவருக்காகத் தன்னைக் கொடுத்த கதையை வருஷம் முழுக்கச் சொல்கிற கோயிலில், கொடுத்தவனின் வீட்டார் பக்கம் நின்று இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. சிலுவையடியில் நின்ற தாய்க்குப் பாட்டு உண்டு, சுரூபச் சிலை உண்டு. அவள் கேட்டிருக்கக்கூடியதைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை.

ஜோதிகா ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "தங்கச்சி, எலையில கோவத்தக் காட்டாத. ஒனக்கு என்ன வேணுமோ சொல்லு. நாங்க செய்றோம். முதலாளிகிட்டயும் பேசுறோம்."

"எனக்கு ஒண்ணும் வேணாங்க்கா" என்றாள் ராக்கு. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் வாளியோடு நின்றவனை நிமிர்ந்து பார்த்தாள். குரலில் கெஞ்சலும் இல்லை, அதட்டலும் இல்லை. வேலைக்கு ஆள் சொல்கிற குரல்.

"ஒங்க எடத்துல அவரு இருக்காரு. அவரு எடம் சும்மா கெடக்கு. மொளகாப் பழம் செடியிலயே காயுது. எடுக்க ஆளில்ல. மாமனாருக்குக் குனிய முடியாது. நீங்க வாங்க."

"நானா?"

"வேற யாரு?"

இமானுவேலுக்குத் தலை சுற்றியது. மன்னிப்புக் கேட்டால் மன்னிப்பாள், அல்லது மண்ணை வாரித் தூற்றுவாள் என்றுதான் அவன் எதிர்பார்த்தான். இரண்டுக்கும் அவன் தயார். இது அவன் படித்த மறைக்கல்வியில் இல்லாத மூன்றாவது. கடலுக்குப் போகாவிட்டால் வீடு எப்படி ஓடும், ஊர் என்ன சொல்லும், இது பரிகாரமா தண்டனையா, இதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது? ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, வாயில் வந்ததைச் சொன்னான்.

"எனக்குப் பழம் எடுக்கத் தெரியாதே தங்கச்சி."

"அவருக்கு மட்டும் படகு ஓட்டத் தெரியுமா?" என்றாள் ராக்கு. பிறகு இலையைத் தன் பக்கம் இழுத்து, அவன் போட்ட சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள்.