சுட்ட கிழங்கும் அடுப்போர நாற்காலியும்

பிட்கெர்ரி கோல்ஃப் கிளப்பில் குளிருகிறது என்று யாரும் சொல்லக் கூடாது. அப்படி எழுதி வைத்த சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் ஸ்காட்லாந்தின் இந்தக் கரையில் அந்த வார்த்தையைச் சொன்னவனை அப்புறம் எவரும் மதிப்பதில்லை. கடல்காற்று மூக்கை அறுத்துக்கொண்டு போனாலும், "இன்னிக்குக் காத்து கொஞ்சம் சுறுசுறுப்பா இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்வோம். எங்கள் கேப்டன் ஃபெர்கஸ், போன வருஷம் காது விறைத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அதைத்தான் சொன்னார்.

கிளப் அறையில் ஒரே ஒரு கரி அடுப்பு. அதன் பக்கத்தில் ஒரே ஒரு நாற்காலி. ஜனவரிப் போட்டியில் ஜெயிப்பவருக்கு அடுத்த ஜனவரி வரை அது சொந்தம். அவர் வராத நாளில்கூட வேறு யாரும் அதில் உட்கார முடியாது. பல வருஷமாக அதில் டூகல்தான் காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறான். காலுறையைக் கழற்றி அடுப்பின் மேல் காய வேறு போடுவான், பாவி மனுஷன். எனக்கு எப்போதும் கதவோர பெஞ்சு. எவனாவது உள்ளே வந்தால் முதலில் வருவது காற்று, அது முதலில் விசாரிப்பது என் முழங்காலை. அந்த நாற்காலி எனக்கு வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ராத்திரி கனவில்கூட அதுதான் வருகிறது.

இந்த ஜனவரியில் கடைசி ஆட்டம் எனக்கும் டூகலுக்கும். புல் முழுக்க வெள்ளையாக உறைபனி. நான் கம்பளிக்கு மேல் கம்பளியாக மாட்டிக்கொண்டு, செத்துப்போன என் புருஷனின் நீளக் கால்சட்டையையும் உள்ளே இழுத்துவிட்டுக்கொண்டு போனேன். கையைக் கீழே இறக்க முடியவில்லை. மட்டையைப் பிடிப்பதற்கு மூச்சை வெளியே விட்டு, உடம்பைச் சுருக்க வேண்டியிருந்தது.

"மோய்ரா, உள்ள நீ மட்டும்தான் இருக்கியா, இல்ல வேற யாராவது இருக்காங்களா?" என்றான் டூகல்.

"உன் வயித்தப் பாத்துட்டுப் பேசுய்யா."

அவன் கோட்டுக்குள் வெந்நீர்ப் பையைக் கட்டியிருந்தான். ஒவ்வொரு முறை மட்டையை வீசும்போதும் களக் களக் என்று சத்தம். நான் பந்தை அடிக்கப் போகும் நேரம் பார்த்து வேண்டுமென்றே ஒரு குலுக்குக் குலுக்கினான்.

"கேப்டன், இது நியாயமா?"

நடுவராக வந்திருந்த ஃபெர்கஸ் வெகுநேரம் யோசித்தார். யோசித்தாரா, உதடு விறைத்துத் திறக்கவில்லையா, தெரியாது. "வயித்துச் சத்தத்துக்கு விதி கிடையாதும்மா. ஆடு" என்றார்.

கை விறைக்காமல் இருக்க இருவருமே சுட்ட உருளைக்கிழங்குதான் வைத்திருந்தோம். இங்கே எல்லோரும் அப்படித்தான். கோட்டுப் பைக்கு ஒன்றாகப் போட்டுக்கொள்வோம், பாதி வழியில் இருக்கும் சூப்புக் கடையில் ஆறிப்போனதைக் கொடுத்துவிட்டுச் சூடானதை வாங்கிக்கொள்வோம். ஆறியதைக் கடைக்காரி சூப்பில் போட்டுவிடுவாள். அதில் யாரும் குறை காண்பதில்லை.

ஆனால் பந்தை மட்டும் சூடாக்கக் கூடாது. சூடான பந்து துள்ளிக்கொண்டு தூரம் போகும். ஆட்டத்தின் நடுவே வேண்டுமென்றே பந்தைச் சூடேற்றினால் ஆளையே போட்டியிலிருந்து தூக்கிவிடுவார்கள். இது விவரம் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் நன்றாகத் தெரியும்.

கடைசிக் குழிக்கு வரும்போது இருவரும் சமம். நான் அடித்த பந்து அப்படியே பறந்தது. என் வயசுக்கு அது அடுக்கவே அடுக்காது. குழிக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றது. டூகல் பந்து இரண்டு எட்டு தள்ளி நின்றது. அவன் அடுத்துத் தட்டியபோதும் அது உள்ளே விழவில்லை. எனக்கு இனி ஒரே ஒரு தட்டுதான் பாக்கி. என் மனசுக்குள் நான் அப்போதே நாற்காலியில் உட்கார்ந்து, காலைக்கூட நீட்டிவிட்டேன்.

"நில்லு" என்றான் டூகல்.

என் பந்தைச் சுற்றி உறைபனி உருகி, வட்டமாகப் பச்சைப் புல் தெரிந்தது.

"கேப்டன்! பந்து சுடுது! கிழங்குப் பையில வெச்சிருக்கா!"

என் வாய் சும்மா இருக்குமா? "முதல்ல உன் பந்து நின்ன இடத்தப் பாருய்யா, பெரிய யோக்கியன்!" என்றேன். அவன் பந்து முதலில் நின்ற இடத்திலும் அதே மாதிரி ஒரு பச்சை வட்டம்.

மூவரும் வட்டங்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஃபெர்கஸுக்கு வீட்டுக்குப் போக வேண்டும், அது முகத்திலேயே தெரிந்தது. "இங்க பாருங்க. கைக்கு வெச்ச கிழங்கு, பக்கத்துல பந்து கெடந்துச்சு, அதுவா சூடாயிடுச்சுன்னா தப்பே இல்ல. வேணும்னு செஞ்சாதான் தப்பு. அது உங்க மனசுக்குத்தான் தெரியும். நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

"அதுவாதான் சூடாச்சு" என்றான் டூகல், கடலைப் பார்த்துக்கொண்டு.

இனி நானும் அதையே சொல்ல வேண்டியதுதான். சொல்லிவிட்டு ஒரு தட்டு. அடுப்பு, நாற்காலி, என் முழங்கால். வாயைத் திறந்தேன். சின்ன வயசிலிருந்து இந்தத் திடலில் ஆடுகிறேன். புதருக்குள் யாரும் பார்க்காதபோது பந்து லேசாக நகர்ந்தால்கூட நானாக வந்து என் கணக்கில் ஒரு அடி கூட்டிச் சொன்னவள். எங்கள் ஆட்டத்தில் போலீஸ்காரன் கிடையாது. அவரவர் வாய்தான்.

"வேணும்னுதான் வெச்சேன். சூப்புக் கடை தாண்டினதுலேர்ந்து" என்றேன். சொன்ன மறுநொடியே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

டூகல் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். "அடிப்பாவி! கெடுத்தியே காரியத்த! வாய மூடிட்டு ஜெயிச்சுத் தொலைய வேண்டியதுதானே? இப்ப நானும் சொல்லணுமே!"

"உன்ன யாருய்யா கேட்டா?"

"நீ சொன்னதுக்கப்புறம் நான் எப்படிச் சும்மா இருக்கறது? கேப்டன், நானும் வேணும்னுதான் வெச்சேன். முதல் குழியிலேர்ந்தே. போன வருஷமும்தான்!"

"போன வருஷம் வேண்டாம்ப்பா" என்று ஃபெர்கஸ் கெஞ்சினார்.

இருவருமே போட்டியிலிருந்து நீக்கம். அதனால் நாற்காலி யாருக்கும் இல்லை. ஒரு வருஷம் காலியாக இருக்க வேண்டும் என்று ஃபெர்கஸ் தீர்ப்புச் சொல்லி, யாரும் மறந்து உட்கார்ந்துவிடாமல் இருக்க அதில் ஒரு கயிறும் கட்டினார். அன்று சாயங்காலம் அடுப்பு ஜகஜ்ஜோதியாக எரிந்தது. நாற்காலி தனியாகக் குளிர் காய்ந்தது. நாங்கள் எல்லோரும் மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டூகலுக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. கதவோர பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். யாரோ கதவைத் திறந்தார்கள். அவன் முதல்முறையாக அந்தக் காற்றை வாங்கினான், பல் கிடுகிடுத்தது.

"இத்தன வருஷம் இங்கயா உக்காந்திருந்த?" என்றான் மெதுவாக.

"ஆமா."

பையிலிருந்து கிழங்கை எடுத்தான். இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது. அதை என் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டான்.

"குளிருதா?" என்று கேட்டான், கிளப்புக்குள், எல்லார் காதிலும் விழும்படி.

அத்தனை தலையும் எங்கள் பக்கம் திரும்பியது.

"ரொம்ப" என்றேன்.