நாற்பத்தோராம் பக்கம்

...அதுவும் இன்றைக்குப் பார்த்தா இந்த ஆய்வு மாணவி அவளை வழிமறிக்க வேண்டும், இன்னும் பத்து நிமிடத்தில் அரங்கத்துக்குள் போய், கணிதம் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும், தன்னைப் போல ஆயுள் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போகலாம் என்று சொல்வதாக இருந்தாள், அங்கே ஒரு லட்சம் பேரைத் தாளில் பிறக்க வைப்போம், வயது ஏற ஏற எத்தனை பேர் குறைவார்கள் என்று அட்டவணை போடுவோம், யார் போவார் என்று தெரியாது, எத்தனை பேர் என்பது ஏறக்குறைய தப்பாது, அதுதான் அதிலுள்ள அழகு... வீட்டுக்காரர் சிரிப்பார், "எமனுக்கே நீதான்டி ஏஜெண்டு." ஆனால் மாணவி கேட்பது வேலையைப் பற்றியல்ல, பதினான்கு வருடத்துக்கு முன் இதே துறையில் அவள் எழுதிக் கொடுத்த ஆய்வேட்டை நாற்பத்தோராம் பக்கத்தில் விரித்து நீட்டுகிறாள்.

"அக்கா, இந்தத் துணைத்தேற்றத்து மேலதான் என்னோட மூணு வருஷ வேலையும் நிக்குது. இந்த ஒரு வரிதான் பிடிபடல. 'எளிதில் காணலாம்'னு எழுதிட்டு நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க."

எளிதில் காணலாம்... யார் கண்டார்கள்? பத்து எண்களை மேலிருந்து கூட்டினாலும் கீழிருந்து கூட்டினாலும் விடை ஒன்றுதான், முடிவில்லாத தொடர் அப்படியல்ல, ஒன்று, அதில் அரையைக் கழி, மூன்றில் ஒரு பங்கைக் கூட்டு, நான்கில் ஒரு பங்கைக் கழி என்று போய்க்கொண்டே இருந்தால் ஒரு விடை, அதே எண்களை இடம் மாற்றி அடுக்கினால் வேறு விடை, ஒன்றுகூடத் தொலையவில்லை, ஒன்றுகூடப் புதிதாகச் சேரவில்லை, ஆனாலும் வேறு! முதன்முதலில் வகுப்பில் அதைக் கேட்டபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அதனால், இடம் மாற்றும் முன் அந்த வரியில் வரும் தொடர் மாற்றத்தைத் தாங்கும் என்று காட்டியாக வேண்டும், அவள் காட்டவில்லை, மாற்றிவிட்டாள், மாலை ஐந்துக்குள் ஒப்படைக்க வேண்டும், வந்த விடையோ அவ்வளவு லட்சணமாக இருந்தது... நெறியாளர் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார், படித்தாரா? தேற்றம் பொய்யென்றும் அவளுக்குத் தெரியாது, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் தெரிந்துவிடும், எழுநூறு ஞாயிறு போயிருக்கும், உட்காரவில்லை. அலுவலகத்தில் ஒவ்வோர் அட்டவணையையும் மூன்று முறை சரிபார்ப்பாள், 'மும்முறை மேடம்' என்றே பெயர்.

"மூணு மாசமா முட்டி மோதிட்டேன்கா. என் கைடு, இதுகூடவா தெரியலைங்கிறார். எனக்கு மண்டையில சரக்கே இல்லபோல. ஆராய்ச்சிய விட்டுட்டு வேலைக்கே போயிடலாம்னு இருக்கேன். உங்க ஆபீஸ்ல எடுப்பாங்களா?"

சொல்லிவிடு, அந்த வரியில் ஓட்டை இருக்கிறது என்று ஒரே ஒரு வாக்கியம்... "எடுப்பாங்கம்மா. ஆனா வரிசையா பரீட்சை எழுதணும்," என்றது அவள் வாய்.

துறைத் தலைவர் கதவைத் திறந்து, "வாங்கம்மா, பசங்க ரெடி," என்றார். அவள் நகரவில்லை. பதினான்கு வருடத்தில் அந்தப் பக்கத்தை உண்மையாகப் படித்த ஒரே ஆள் இந்தப் பெண், மண்டையில் சரக்கில்லை என்று தன்னையே அவள் சொல்லிக்கொண்டபோது நெஞ்சுக்குள் ஏதோ மெல்ல இறங்கியதே, அது என்ன, வெட்கமா, பரிதாபமா... தேடிப் பார்த்தாள். நிம்மதி. இன்னும் அது போகவில்லை.